மிதித்தால்தான் ஓடும்

1895 டிசம்பர் 31. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கேண்டன் நகரைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவருக்கு அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் 552,271 என்ற எண்ணில் ஓர் உரிமம் கொடுத்தது. சைக்கிளின் சட்டத்துக்கு நடுவே ஒரு பேட்டரி, பின்சக்கரத்தின் ஹப்புக்குள் ஒரு மோட்டார். 10 வோல்ட் பேட்டரியிலிருந்து அந்த மோட்டார் 100 ஆம்பியர் வரை இழுக்கும். மின்சைக்கிளின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சைக்கிளே அப்போது இளையது. சம அளவுச் சக்கரங்களும் செயினுமாக ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ வண்டியைக் கொண்டுவந்து பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. டன்லப்பின் காற்றடைத்த டயருக்கு வயது ஏழு. தன் காலை மட்டும் நம்பி மனிதன் நெடுந்தூரம் போகலாம் என்று உலகம் கண்டுகொண்ட காலம் அது. அதற்குள்ளாகவே, காலுக்கு வேலையே வைக்காமல் அதே வண்டியில் போக முடியுமா என்ற ஆசையும் பிறந்துவிட்டது. இந்த இரண்டு ஆசைகளும் அன்றிலிருந்து ஒரே வண்டியில்தான் பயணம் செய்கின்றன. மோட்டார் வைத்த சைக்கிளை ஓட்டுவது உடற்பயிற்சியாகுமா என்று இன்று பலரும் கேட்கிறார்கள். எந்த ஊரில், எந்தக் காலத்தில், எந்த ஆசை வென்றது என்று பார்த்துக்கொண்டே வந்தால் அதற்கு விடை கிடைக்கும்.

போல்டனுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, பாஸ்டன் நகரத்து ஹோசியா லிபி மோட்டாரைப் பெடல் அச்சுக்குக் கொண்டுபோனார். ஹப்பில் மோட்டார், பெடல் அச்சில் மோட்டார் என்று இன்றைய கடைகளில் பார்க்கும் இரண்டு வகைகளும் 19ஆம் நூற்றாண்டிலேயே வரைந்து முடிக்கப்பட்டவை. ஓட்டுபவர் எவ்வளவு பலமாக மிதிக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் வழி மட்டும் அவற்றில் இல்லை. மோட்டாருக்குத் தெரிந்தது இரண்டே நிலைகள்: ஓடுவது, நிற்பது. அதன்மேல் உட்கார்ந்திருப்பவர் அதற்கு ஒரு சுமை, அவ்வளவுதான்.

அந்த வண்டிகள் சந்தைக்கு வந்து நிலைக்கவில்லை. காரணம் பேட்டரி. ஈய-அமில பேட்டரியில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 முதல் 40 வாட்-மணி மின்சாரம்தான் அடங்கும். உருப்படியான தூரம் போக வேண்டுமானால் பத்துப் பதினைந்து கிலோ பேட்டரியைச் சுமக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் அதைவிடப் பல மடங்கு ஆற்றலைச் சுலபமாகத் தந்தது. காலுக்கு ஓய்வு கேட்டவர்கள் மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டார்கள். 1932இல் நெதர்லாந்தில் பிலிப்ஸ் நிறுவனம் சிம்ப்ளெக்ஸ் சைக்கிள் கம்பெனியோடு சேர்ந்து ஒரு மின்சைக்கிளை விற்றுப் பார்த்தது. அதுவும் பரவவில்லை. இப்படியே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது.

ஜப்பானில் மறுபிறப்பு

வண்டிக்கு இல்லாமல் இருந்த அறிவு 1980களில்தான் வந்தது. 1982இல் ஜெர்மனியில் ஏகோன் கெல்ஹார்ட், பெடலை மிதித்தால் மட்டும் மோட்டார் துணைக்கு வர வேண்டும் என்ற தத்துவத்தை வகுத்தார். அதைக் கடைக்குக் கொண்டுவந்து விற்றுக் காட்டியது ஜப்பானின் யமஹா. 1993 நவம்பரில் முதலில் சில மாகாணங்களில் மட்டும் விற்பனைக்கு வந்த அந்த வண்டியின் பெயர் ‘பாஸ்’. உள்ளே ஈய-அமில பேட்டரி, மொத்த எடை சுமார் 30 கிலோ. எடையையும் மீறி அது பிழைத்துக்கொண்டது.

அது எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானித்ததில் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தானாக ஓடும் மோட்டார் இருந்தால் ஜப்பானில் அது மொபெட். லைசென்ஸ் வேண்டும், எண் பலகை வேண்டும். சைக்கிளாகவே கருதப்பட வேண்டுமானால் மனித முயற்சிதான் முதலில் வர வேண்டும். அதனால் ஒரு விகிதம் வகுக்கப்பட்டது. மணிக்கு 15 கிலோமீட்டர் வரை, கால் ஒரு பங்கு கொடுத்தால் மோட்டாரும் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது. அதற்கு மேல் வேகம் ஏற ஏற மோட்டாரின் பங்கு குறைந்துகொண்டே வந்து, 24 கிலோமீட்டரில் முற்றிலும் நின்றுவிட வேண்டும். காலை எடுத்தால் மோட்டாரும் நிற்கும்.

உடற்பயிற்சியைப் பற்றிய பேச்சு முழுவதற்கும் இந்த விகிதம்தான் அடிப்படை. உழைக்காதவருக்கு இந்த மோட்டார் உதவாது. உழைப்பவருக்கு, அவர் உழைப்பின் அளவுக்கு உதவும்.

யார் வாங்கினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். முன்னும் பின்னும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மேட்டில் ஏற வேண்டிய தாய்மார்கள், முழங்கால் வலியால் சைக்கிளை ஓரங்கட்டிய முதியவர்கள். 2008இல் ஜப்பான் விதியைத் தளர்த்தி, 10 கிலோமீட்டர் வேகத்துக்குள் காலின் பங்கைப்போல் மோட்டார் இரண்டு மடங்கு வரை கொடுக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு, அதற்கென்று தரம் நிர்ணயித்த சைக்கிள்களில் இரண்டு குழந்தைகளை ஏற்றிச் செல்லவும் அனுமதி கிடைத்தது. சைக்கிளில் வேகமாகப் போக ஆசைப்பட்டவர்களுக்காக இந்த வண்டி வளரவில்லை. சைக்கிளை விட்டுவிடும் நிலையில் இருந்தவர்களுக்காக வளர்ந்தது.

காலைக் கேட்கும் கருவி

பெடல் அச்சு கெட்டியான எஃகுதான். ஆனாலும் மிதிக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முறுகுகிறது. அந்த முறுக்கத்தை அளந்து மோட்டாருக்குச் சொல்வது டார்க் சென்சார். இன்றைய நல்ல வண்டிகளில் இந்த அளவீடு நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் நடக்கிறது. லேசாக மிதித்தால் மோட்டாரும் லேசாகவே தள்ளும். மேட்டில் முழு பலத்தைக் காட்டினால் அதுவும் முழு பலத்தைக் காட்டும். ‘ஈகோ’ முதல் ‘டர்போ’ வரை ஹேண்டில்பாரில் இருக்கும் பட்டன்கள், காலின் ஒரு பங்குக்கு மோட்டார் எத்தனை பங்கு சேர்க்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகின்றன.

விலை குறைந்த வண்டிகளில் இருப்பது கேடன்ஸ் சென்சார். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எவ்வளவு பலம் போகிறது என்று தெரியாது. கால் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தாலே போதும், மோட்டார் முழு வேலையையும் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது வகையில் கைப்பிடியில் த்ராட்டில் இருக்கும். முறுக்கினால் போதும், பெடல் பக்கமே போக வேண்டாம். மூன்றுக்கும் கடையில் ஒரே பெயர்தான். உடம்புக்குக் கிடைப்பதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம். மின்சைக்கிளால் உடம்புக்குப் பலன் உண்டா இல்லையா என்று வாதிடுகிறவர்கள் பல நேரம் வெவ்வேறு வண்டிகளை மனதில் வைத்துக்கொண்டுதான் வாதிடுகிறார்கள்.

பெடல் தேய்ந்த பாதை

1990களின் இறுதியில் இந்த வண்டி சீனாவுக்குப் போனபோது இரண்டாவது ஆசை வென்றது. பல பெரிய நகரங்கள் பெட்ரோல் மோட்டார் சைக்கிள்களுக்குத் தடை போட்டன. மக்களுக்கு மலிவான வண்டி தேவைப்பட்டது. மின்சைக்கிள் என்ற பெயரில், ஸ்கூட்டர் போன்ற உடம்பும் த்ராட்டிலுமாக வண்டிகள் பெருகின. சைக்கிள் என்று பதிவு செய்வதற்காகப் பெயரளவுக்கு ஒரு ஜோடி பெடல் ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் பலர் அதைக் கழற்றியே வைத்துவிட்டார்கள். இன்று அங்கே 30 கோடிக்கும் மேற்பட்ட மின் இருசக்கர வண்டிகள் ஓடுகின்றன. 2019இல் நடைமுறைக்கு வந்த தேசியத் தரம் பெடல் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. வேகம் 25 கிலோமீட்டர், எடை 55 கிலோ என்று எல்லையும் வைத்தது. 2025இல் அமலான புதிய தரமோ, மின்சாரத்தால் மட்டும் ஓடும் வகைக்குப் பெடல் வைப்பதைத் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. கோடிக்கணக்கான தொழிலாளர்களுக்கு வேலைக்குப் போக வழி கிடைத்தது. அது பெரிய நன்மை. ஆனால் அந்த வண்டியிடம் உடற்பயிற்சியை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

ஐரோப்பாவில் மீண்ட பெடல்

ஐரோப்பா ஜப்பானின் வழியைப் பின்பற்றியது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த வரையறை இன்றும் நிற்கிறது. மோட்டாரின் தொடர்ச்சியான திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது. 25 கிலோமீட்டர் வேகத்தில் அதன் உதவி நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் நின்றுவிட வேண்டும். இந்த மூன்றுக்கும் கட்டுப்பட்டால் அது சைக்கிள். லைசென்ஸ் தேவையில்லை, சைக்கிள் பாதையில் போகலாம். பெடலைக் கைவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். எனவே பொறியாளர்கள் தங்கள் திறமை முழுவதையும் மிதிப்பதை நயமாக்குவதில் செலவிட்டார்கள்.

அதற்குள் பேட்டரியும் மாறியிருந்தது. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயன் பேட்டரி, ஒரு கிலோவில் ஈய-அமிலத்தைப்போல் நான்கைந்து மடங்கு ஆற்றலைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்தது. 2003இல் நெதர்லாந்தின் ஸ்பார்ட்டா நிறுவனம் கொண்டுவந்த ‘அயன்’ வண்டி, முதியவர்கள் நடுவே நல்ல பேர் வாங்கியது. அந்த நாட்டில் மலை கிடையாது. எதிர்க்காற்றுதான் அங்கே ஏற்றம். கார் உதிரிபாகங்கள் தயாரிக்கும் போஷ் நிறுவனம் 2010இல் தன் பெடல்-அச்சு மோட்டாரை அறிமுகப்படுத்தியபின், நடுத்தர வயதினரும் அலுவலகம் போகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். 2023இல் ஜெர்மனியில் விற்ற மின்சைக்கிள்கள் சுமார் 21 லட்சம், சாதாரண சைக்கிள்கள் சுமார் 19 லட்சம். மோட்டார் வைத்தது முந்திக்கொண்ட முதல் ஆண்டு அது.

இவ்வளவு பேர் ஏறிய பிறகு, இது ஏமாற்று வேலை என்ற குரலும் எழாமல் இருக்கவில்லை. பந்தயத்தில் அது ஏமாற்றுதான். 2016 ஜனவரியில் பெல்ஜியத்தின் ஸோல்டர் நகரில் நடந்த உலக சைக்ளோகிராஸ் போட்டியில், ஒரு வீராங்கனைக்கென்று வைத்திருந்த சைக்கிளின் குழாய்க்குள் மறைத்த மோட்டார் பிடிபட்டது; சர்வதேச சைக்கிள் சங்கம் அவருக்கு ஆறு ஆண்டுகள் தடை விதித்தது. பந்தயம் என்பது யார் உடம்பு வலியது என்று பார்க்கும் இடம், அங்கே அந்தத் தண்டனை நியாயம். காலையில் எட்டு கிலோமீட்டர் தாண்டி வேலைக்குப் போகிறவர் யாரோடும் போட்டியில் இல்லை. அவருடைய உடம்புக்கு என்ன கிடைக்கிறது என்பது மட்டுமே அங்கே கேள்வி.

ஆய்வுக்கூடத்து வாசல்

அதை அளக்க ஓர் அலகு இருக்கிறது: ‘மெட்’. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றல் 1 மெட். 3 முதல் 6 வரை மிதமான உழைப்பு. பேச்சு வரும், பாட்டு வராது. 6க்கு மேல் கடும் உழைப்பு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்போ 75 நிமிடக் கடும் உழைப்போ வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சுவிட்சர்லாந்தின் லொசான் ஏற்ற இறக்கம் மிகுந்த நகரம். 2011இல் போரிஸ் கொயனோவிச்சும் உடன் பணியாற்றியவர்களும் உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 18 பேரை அங்கே ஒரு பாதையில் அனுப்பிப் பார்த்தார்கள். 5.1 கிலோமீட்டர் தூரம், 178 மீட்டர் ஏற்றம். சாதாரண சைக்கிளில் ஏறியபோது அவர்கள் உழைப்பு 8.2 மெட். மின்சைக்கிளில் வழக்கமான உதவியோடு ஏறியபோது 7.3. உதவியை முழுக்கக் கூட்டியபோதும் 6.1. ஒரு குறுகிய மேட்டை நடந்து ஏறியபோது 6.5. மோட்டார் முழு உதவி செய்தும் உழைப்பு மேடேறி நடப்பதற்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. எல்லா வகையிலும் அது கடும் உழைப்பின் எல்லைக்குள்தான் வந்தது.

ஏன் அப்படி என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். 70 கிலோ மனிதர் 15 கிலோ சைக்கிளில், நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், புவியீர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 140 வாட் வேண்டும். பயிற்சியில்லாத ஒருவரின் கால் நெடுநேரம் தொடர்ந்து தரக்கூடியது 75 முதல் 100 வாட். ஆகவே அவர் பாதியில் இறங்கித் தள்ளுவார். மறுநாள் வண்டியை எடுக்கவும் மாட்டார். மோட்டார் அந்த உச்சத்தை மட்டும் வெட்டிவிட்டு, மீதி உழைப்பை அவரிடமே விட்டுவிடுகிறது. மூச்சு வாங்கும், திணறாது. இதயம் வேகமாகத் துடிக்கும், தொண்டைக்கு வராது.

ஒரு நாள் அளவீடு இதைக் காட்டுகிறது என்றால், நாளடைவில் உடம்பு மாறுமா? கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்திலிருந்து 2016இல் வெளியான ஆய்வு அதைப் பார்த்தது. உடற்பயிற்சி இல்லாத 20 பேருக்கு மின்சைக்கிள் கொடுத்து, நான்கு வாரம், வாரத்துக்குக் குறைந்தது மூன்று நாள், 40 நிமிடம் ஓட்டச் சொன்னார்கள். வேகம் அவரவர் விருப்பம். சராசரி உழைப்பு 4.9 மெட், இதயத்துடிப்பு உச்ச அளவில் 72 சதவீதம். மாத முடிவில் அவர்கள் உடம்பு உள்வாங்கும் ஆக்சிஜனின் உச்ச அளவு கூடியிருந்தது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை அளவு குறைந்திருந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் ஒரு சமூகத்துக்கு இந்தக் கடைசி வரி முக்கியமானது. 20 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க மின்சைக்கிள் ஓட்டாத தனிக் குழுவும் அதில் இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் உடல் எடை கூடுதலாக உள்ளவர்களை மின்சைக்கிள், சாதாரண சைக்கிள் என்று குலுக்கல் முறையில் பிரித்து நான்கு வாரம் நடத்திய ஆய்விலும், இரண்டு குழுவினரின் இதய-நுரையீரல் திறனும் கூடியது.

மூளைக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. 2019இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 50 முதல் 83 வயது வரையிலானவர்களை எட்டு வாரம், வாரம் மூன்று முறை, அரைமணி நேரம் சைக்கிள் ஓட்ட வைத்தார்கள். கவனத்தையும் முடிவெடுப்பதையும் சார்ந்த சில திறன்கள் இரண்டு வகை சைக்கிள் ஓட்டியவர்களுக்கும் மேம்பட்டன. மனநலத்தில் மின்சைக்கிள் குழுவுக்குச் சற்று அதிகமாகவே நன்மை தெரிந்தது. காற்றும் வெளிச்சமும், மறுபடி வெளியே கிளம்ப முடிகிறது என்ற தெம்பும் அதில் சேர்ந்தே வேலை செய்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிமிடமும் கிலோமீட்டரும்

ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மின்சைக்கிள் வேகமாகப் போகும். ஆகவே ஒரே தூரத்துக்கு உழைப்பின் கடுமையும் குறைவு, நேரமும் குறைவு. உதாரணத்துக்கு, சாதாரண சைக்கிளில் 30 நிமிடம், 8 மெட் என்றால் பெருக்கி வருவது 240. மின்சைக்கிளில் அதே பாதை 22 நிமிடம், 6 மெட் என்றால் 132. பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒரு பயணத்தை ஒரு பயணத்தோடு வைத்துப் பார்த்தால் சாதாரண சைக்கிள்தான் வெல்லும். இதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் உடம்பு வாரக் கணக்கில், வருடக் கணக்கில்தான் வளர்கிறது, தேய்கிறது. வெயிலுக்கும் மேட்டுக்கும் பயந்து வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சாதாரண சைக்கிளில் போய்வருபவரின் கணக்கு 960. ஐந்து நாளும் மின்சைக்கிளில் போய்வருபவரின் கணக்கு 1,320. பீரோவில் வாங்கி வைத்த மருந்து எவ்வளவு வீரியமானதாக இருந்தாலும் தினமும் குடிக்கும் மருந்துதான் உடம்பில் சேரும். உடற்பயிற்சியும் அப்படித்தான்.

மக்கள் நிஜத்தில் அதிகம் ஓட்டுகிறார்களா? ஆஸ்லோவில் அஸ்லாக் ஃபிரியும் பியாத்தே சுண்ட்ஃபோரும் மின்சைக்கிள் வாங்கியவர்களைப் பின்தொடர்ந்தார்கள். வாங்குவதற்கு முன் அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 2.1 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார்கள். வாங்கிய பின் 9.2 கிலோமீட்டர். 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு ஆன்ட்வெர்ப், பார்சிலோனா, லண்டன், ரோம், வியன்னா, சூரிச், ஸ்வீடனின் ஓரெப்ரோ என்று ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டது. மின்சைக்கிள்காரர்கள் நாளுக்கு 8 கிலோமீட்டரும் சாதாரண சைக்கிள்காரர்கள் 5.3 கிலோமீட்டரும் ஓட்டினார்கள். வாரம் முழுவதும் செய்த எல்லா உடலுழைப்பையும் கூட்டியபோது முதல் கூட்டத்துக்கு 4,463 மெட்-நிமிடம், இரண்டாம் கூட்டத்துக்கு 4,085. கிட்டத்தட்டச் சமம். இவை மக்கள் தாங்களே சொன்ன கணக்குகள், கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். இருந்தாலும், வெவ்வேறு ஊர்களில் கேட்டும் திசை ஒன்றாகவே இருக்கிறது.

அதே ஏழு நகர ஆய்வில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது வேறொரு கணக்கு. எதிலிருந்து இறங்கி மின்சைக்கிளில் ஏறினார்கள் என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். காரிலோ மோட்டார் சைக்கிளிலோ இருந்து இறங்கி வந்தவர்கள் வாரத்துக்குச் சுமார் 550 மெட்-நிமிடம் கூடுதலாகப் பெற்றார்கள். பொதுப் போக்குவரத்திலிருந்து வந்தவர்கள் சுமார் 800. சாதாரண சைக்கிளிலிருந்து மாறியவர்கள் சுமார் 200ஐ இழந்தார்கள்.

இதைவிடத் தெளிவான விடை கிடையாது. ஏற்கெனவே தினமும் சைக்கிள் மிதிக்கிறீர்கள், மூட்டும் மூச்சும் ஒத்துழைக்கின்றன என்றால் மோட்டார் உங்களுக்கு வேண்டாம். அது உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். ஸ்கூட்டரிலும் காரிலும் போகிறவர் என்றால், அது உங்களுக்கு இல்லாத உழைப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். வயதாலோ முழங்காலாலோ சைக்கிளை விட்டுவிட்டீர்கள் என்றால், அது உங்களை மறுபடி சாலைக்குக் கூட்டிவரும். எலும்பை வலுப்படுத்த நடையும் எடைப் பயிற்சியும் வேறு வேண்டும். அதை எந்த சைக்கிளும் தராது. முதியவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். இந்த வண்டிகள் பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல் எடை உள்ளவை; ஏறும்போதும் இறங்கும்போதும் சாய்ந்தால் தாங்கிப் பிடிப்பது கடினம். தாழ்ந்த சட்டமுள்ள வண்டியை வாங்கி, ஆளில்லாத இடத்தில் பழகிவிட்டுச் சாலைக்கு வருவது நல்லது.

நம் சாலைக்கு வந்தபோது

இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் ஐரோப்பிய வரையறையை ஒட்டியே பெடல் உதவி சைக்கிளை அங்கீகரித்திருக்கின்றன. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டரை எட்டும்போது அதன் உதவி படிப்படியாகக் குறைந்து நிற்க வேண்டும், மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்னரே நிற்க வேண்டும். இதற்கு லைசென்சும் பதிவும் தேவையில்லை. ஆனால் இதே விதிகள், வேகத்திலும் திறனிலும் இந்த எல்லைக்குள் இருக்கும் த்ராட்டில் வண்டிக்கும் அதே விலக்கைத் தருகின்றன. அதனால் இங்கே கடைக்கு வரும் மின்சைக்கிள்கள் பலவற்றில் த்ராட்டிலும் பெடல் உதவியும் ஒன்றாகவே இருக்கின்றன. ஜப்பானும் சீனாவும் போன இரண்டு பாதைகளும் நம் ஊரில் ஒரே ஹேண்டில்பாரில் வந்து சேர்ந்திருக்கின்றன. கட்டைவிரல் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதுதான் மீதி.

நம் வெயில் இதில் ஒரு பெரிய காரணி. ஏப்ரல் காலையில் ஏழு கிலோமீட்டர் மிதித்து, நனைந்த சட்டையோடு அலுவலகத்தில் போய் நிற்க முடியாது என்பதாலேயே சைக்கிளைக் கைவிட்டவர்கள் ஏராளம். உழைப்பை மிதமாக வைத்துக்கொள்ளும் மோட்டார், போகும்போது அந்த வியர்வையைக் குறைக்கும். திரும்பும்போது உதவியைக் குறைத்துவிட்டு, வேண்டிய அளவு மிதித்து வியர்த்துக்கொள்ளலாம். சாதாரண சைக்கிளில் இந்தத் தேர்வு கிடையாது.

ஆகவே வாங்கப் போகிறவர் எத்தனை கிலோமீட்டர் ஓடும், எத்தனை வாட் என்று கேட்கும் முன், டார்க் சென்சார் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மேட்டில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கக் கேட்க வேண்டும். அழுத்தி மிதித்தால் வண்டி பதில் சொல்கிறதா, காலைச் சும்மா சுற்றினாலும் ஓடுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். வாங்கிய பின் உதவியைக் குறைந்த நிலையில் வைத்துத் தொடங்கி, தேவைப்படும் இடத்தில் மட்டும் கூட்ட வேண்டும். மூச்சு கொஞ்சம் வாங்குகிறது, பக்கத்தில் வருகிறவரோடு பேசவும் முடிகிறது என்றால் சரியான நிலையில் இருக்கிறீர்கள்.

அரசுகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. டெல்லி அரசு 2022இல் முதல் 10,000 மின்சைக்கிள்களுக்கு 5,500 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. அப்படித் தரும் மானியத்தை மிதித்தால் மட்டும் ஓடும் வண்டிக்கு என்று வரையறுத்தால், அதே பணத்தில் போக்குவரத்தோடு பொது சுகாதாரமும் கிடைக்கும். கூடவே, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நெளிந்து போக வேண்டாதபடி சைக்கிளுக்கென்று ஒரு பாதை வேண்டும். பாதுகாப்பாகப் போக வழியில்லாத ஊரில், எவ்வளவு நல்ல சைக்கிளாக இருந்தாலும் வீட்டு வாசலைத் தாண்டாது. வாசலைத் தாண்டாத சைக்கிளால் யாருடைய இதயமும் வலுப்பட்டதில்லை.